வடக்குச் சுவரில் வெயில்

பிப்ரவரி 12, புதன்

கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். மங்கைக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கி இரண்டு வருஷமாகிறது. இடது கண் போன தீபாவளிக்கு முன்பே போய்விட்டது. வலது கண்ணுக்கு ஊசி, லேசர் எல்லாம் பார்த்தாயிற்று. டாக்டரம்மா இன்று சுற்றி வளைக்கவில்லை.

"மறைச்சுப் பேச விரும்பலம்மா. உள்ள ரத்தம் கசிஞ்சா ஒரே நாள்ல மூடிக்கிடும். அது நாளைக்கா, ஆறு மாசம் கழிச்சான்னு என்னால சொல்ல முடியாது. பாக்கணும்னு நினைக்கிறதையெல்லாம் இப்பவே பாத்துக்கிடுங்க."

மங்கை கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு "சரிம்மா" என்றாள். திரும்பி வரும்போது மார்க்கெட்டில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி முருங்கைக்காய் வாங்கினாள். முறுக்கிப் பார்த்து, முற்றலை ஒதுக்கி, பேரம் பேசித்தான் வாங்கினாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாப்பிட்டு முடித்ததும், "ஏங்க, அந்தக் கூடத்துல ஒரு நிழல்படம் எடுத்துட்டு வாங்களேன்" என்றாள்.

கூடம் என்றால் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிச் சாலையில் இருக்கும் காத்திருப்போர் கூடம். நோயாளிகளோடு கூட வருகிறவர்கள் தங்குவதற்காக ஒரு டிரஸ்ட் கட்டியது. வரைந்தது மங்கை. அவள் ஆர்க்கிடெக்ட். வரைந்து கொடுத்த வீடுகளையெல்லாம் வீட்டுக்காரர்கள் இடித்தும் ஒட்டியும் மாற்றிவிட்டார்கள். அவள் நினைத்தபடியே நிற்பது இந்தக் கூடம் ஒன்றுதான்.

"ஊர்ல உள்ளவன் கட்டடத்தையெல்லாம் எடுத்தாச்சு. பொண்டாட்டி கட்டுனதுக்கு மட்டும் உங்களுக்கு இத்தன வருஷமா நேரம் வரல."

அது உண்மைதான். கல்லூரி, கல்யாண மண்டபம், நகைக்கடை என்று கட்டடங்களைப் படம் எடுப்பதுதான் என் தொழில். இந்தக் கூடத்தை மட்டும் நல்ல வெளிச்சம் வரட்டும், வரட்டும் என்று தள்ளிப்போட்டுவிட்டேன்.

"நேர்ல கூட்டிட்டுப் போறேனே" என்றேன்.

"வேண்டாம். வெளிய வந்தா எனக்கு எல்லாம் வெள்ளையா பொங்கிட்டு வருது. படம்னா கம்ப்யூட்டர்ல பெருசாக்கி ஓரம் ஓரமா பாத்துக்கிடுவேன்."

நிழல்படம் என்று அவள் சொன்னது என்னைச் சீண்டுவதற்காக. நான் ஒளிப்படம் என்றுதான் சொல்வேன், விசிட்டிங் கார்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறேன். புகைப்படம் என்று யாராவது சொன்னாலே எனக்குச் சுருக்கென்று வரும். "நான் வெளிச்சத்தை எடுக்கிற ஆளாக்கும்" என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டாள்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையிலேயே போனேன். கூடம் வடக்குப் பார்த்தது. முன்பக்கம் முழுக்கச் செங்கலை ஓட்டை ஓட்டையாக விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர், அதை ஒட்டி உள்ளே உட்காரவும் படுக்கவும் நீளமான திண்டு. இந்த மாதத்தில் வெயில் தெற்கே சாய்ந்து அடிக்கிறது. கட்டடத்தின் முதுகில்தான் வெயில், முகத்தில் ஒன்றுமே இல்லை. வானம் வெளுத்துப்போய் இருக்க, சுவர் அதற்கு முன்னால் கறுத்துச் சப்பையாக நிற்கிறது. செங்கலுக்கும் இடைவெளிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வெளியிலிருந்தும் வாசல் வழியாக உள்ளேயும் பத்துப் பன்னிரண்டு எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அழித்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பனி. பனியில் கட்டடம் எடுத்தால் எல்லாம் ஒரே சாம்பல். சிலருக்கு அது பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. வீட்டுக்கு வந்து மேல்தொட்டியைக் கழுவினேன்.

பிப்ரவரி 22, சனி

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மேற்குச் சுவரில் பொன்னை உருக்கி ஊற்றினது மாதிரி வெயில். அந்தச் சுவரில் ஒன்றுமே கிடையாது, வெறும் பூச்சும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான். பார்க்க வேண்டிய வடக்கு முகம் நீலம் பாரித்துக் கிடக்கிறது. இந்த வெளிச்சத்தைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது!

மங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். "எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"எடுத்தேன். காட்டுற மாதிரி இல்ல."

"காட்டுற மாதிரி இல்லாததத்தான் காட்டுங்களேன்."

காட்டவில்லை. முப்பது வருஷமாக ஒரு வாடிக்கையாளருக்குக்கூட நான் அரைகுறைப் படத்தைக் காட்டியதில்லை. இவளுக்கா காட்டுவேன்.

மார்ச் 2, ஞாயிறு

இன்று உட்கார்ந்து தீர யோசித்துவிட்டேன். நம் ஊரில் மாசி வரைக்கும் வடக்கு முகம் நாள் முழுக்கத் தன் நிழலிலேயேதான் நிற்கும். சித்திரை பிறந்து சூரியன் உச்சிக்கு வடக்கே வந்த பிறகு, மேற்கே சாய்கிற நேரத்தில் வெயில் அந்தச் சுவரை உரசிக்கொண்டு போகும். அந்த உரசல் வெளிச்சம்தான் வேண்டும். அதில் ஒவ்வொரு செங்கலும் தனித்தனியாக எழுந்து நிற்கும். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது வீண் வேலை.

மங்கையிடம் சொன்னேன். அவள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சித்திரையா?"

"இன்னும் ஒன்றரை மாசம்தான?"

"அதுக்கு முன்னால ஒண்ணு சும்மா எடுத்துக் காட்டக் கூடாதா?"

"சும்மா எடுத்துக் காட்டுனா அதுதான் உன் மனசுல நிக்கும். கடைசியா ஒரு..." என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சரி, உங்க இஷ்டம். காத்திருப்போர் கூடம்தான, காத்திருப்போம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 5, புதன்

மேகம். போகவில்லை.

மார்ச் 12, புதன்

விடிந்ததிலிருந்தே நாள் சரியில்லை. காப்பி டம்ளரை மங்கை மேஜைக்கு வெளியே வைத்துவிட்டாள். தரையெல்லாம் காப்பி. "பாத்து வைக்கக் கூடாதா?" என்று சத்தம் போட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் அங்கேயே நின்றாள். துடைக்கத் துணி எடுக்கவும் போகவில்லை. இத்தனை வீம்பு அவளுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. நானே துடைத்தேன்.

கேமரா கோணத்தையாவது முன்கூட்டிப் பார்த்து வைப்போம் என்று கூடத்துக்குப் போனேன். ஜாலிச் சுவர் முழுக்கச் சேலை, துண்டு, குழந்தைச் சட்டை எல்லாம் காயப்போட்டிருக்கிறார்கள். ஜாலியின் ஓட்டைக்குள் சோப்புப் பெட்டி, பல்பொடி, மாத்திரைச் சீட்டு. மங்கை அந்த ஜாலியை எத்தனை நாள் வரைந்து வரைந்து கிழித்துப் போட்டாள் என்பது எனக்குத்தான் தெரியும். கோபம் வந்துவிட்டது. வாட்ச்மேன் பிச்சையாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். சுரண்டையிலிருந்து வந்த ஒரு அம்மாள் சண்டைக்கு வந்துவிட்டாள். இசக்கியம்மாள் என்று பெயர். புருஷனை உள்ளே சேர்த்துவிட்டு ஒரு மாதமாக இங்கேயே கிடக்கிறாளாம்.

"எதுக்கு அண்ணாச்சி எடுக்கச் சொல்லுதிய? வேற எங்கன போய்க் காயப்போட?"

"படம் எடுக்கணும்மா. கட்டடம் அழகாத் தெரிய வேண்டாமா?"

"கட்டடம் அழகாத்தான் இருக்கு. நாங்கதான் அழகா இல்ல. உங்களுக்கு என்ன, படத்த எடுத்துட்டுப் போயிருவிய. நாங்க அவுகளுக்கு மாத்துத் துணி எங்க இருந்து எடுக்க?"

பக்கத்திலிருந்தவர்கள் எல்லாம் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பிச்சையா என்னை மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்து சாலையில் விட்டார். சித்திரையில்தான் படம் எடுக்கப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "சித்திரைக்கு வாங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

மார்ச் 13, வியாழன்

நேற்று நடந்ததை மங்கையிடம் சொன்னேன். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், கேட்கக் கேட்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த ஓட்டைய நான் சோப்புப் பெட்டி அளவுக்குத்தாங்க வச்சேன். கொத்தனார்கிட்ட ஒரு சோப்புப் பெட்டியக் குடுத்துல்ல அளவெடுக்கச் சொன்னேன்."

எனக்கு இது தெரியாது. இவ்வளவு வருஷமும் சொல்லவே இல்லையே என்றேன். "நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

பிறகு சொன்னாள்: "உங்ககிட்ட நான் நிழலத்தான எடுக்கச் சொன்னேன்? கூடத்துல விழுற நிழல. அந்த ரோட்டுல வேற எங்கயும் அந்த நிழல் கிடையாதுங்க. அதுல ஆளுக எப்படிப் படுத்திருக்காங்க, எப்படிச் சாஞ்சிருக்காங்கன்னு பாக்கணும்னுதான் கேட்டேன். அதுக்குத்தான வடக்க பாத்து வச்சது. நீங்க என்னன்னா ஒளிப்படம், நிழல்படம்னு வெளாட்டா எடுத்துக்கிட்டீங்க."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு மாதமாக நான் எதை விரட்டிக்கொண்டிருந்தேனோ அதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். "நாளைக்கே போய் எடுத்துட்டு வாரேன்" என்றேன்.

"இனிமே என்ன. ரெண்டும் ஒண்ணுதான். நீங்க ஆசைப்பட்ட மாதிரியே எடுங்க."

என் ஆசைக்கு விட்டுக்கொடுக்கிறாள். அதுவும் சரிதான். வெயில் படம் சில நாள்தான் கிடைக்கும், அதை முதலில் எடுத்துவிடலாம். நிழலை என்றைக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். நிழல் எங்கே போய்விடப் போகிறது.

மார்ச் 19, புதன்

கண் ஆஸ்பத்திரிக்கு இன்று மங்கையை அவள் தங்கை கோமு கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு ஒரு துணிக்கடைத் திறப்பு விழா வேலை. வந்து கேட்டேன். "அப்படியேதான் இருக்காம். ஊசியெல்லாம் இப்ப வேண்டாம்னுட்டாங்க" என்றாள். ஊசி வேண்டாம் என்றால் நல்ல சேதிதானே. கோமு மட்டும் காப்பிகூடக் குடிக்காமல் உடனே கிளம்பிவிட்டாள். அவளுக்கு எப்போதும் ஒரு அவசரம்.

மார்ச் 30, ஞாயிறு

மங்கைக்கு இப்போது கரண்ட் பில் பயம் பிடித்துவிட்டது. இருட்டிய பிறகும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் வந்துதான் போடுகிறேன். பேப்பரையும் தொடுவதில்லை. "எல்லாம் அடிதடியும் விபத்துமா இருக்கு, எதுக்கு அது" என்கிறாள். ரவிக்கையைத் தையல் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தாள். சொன்னதும், "வீட்டுலதான இருக்கேன்" என்றாள். வயதாகிறது. இரண்டு பேருக்கும்தான்.

இன்று குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. பேசாமல் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வந்துவிட்டது! சாயங்காலம் ஜாலியின் மேல்வரிசையில் ஒரு கயிறு அகலத்துக்கு வெயில். மேற்கே இருக்கும் தண்ணீர்த் தொட்டி கீழே இறங்க விடாமல் மறைக்கிறது. இன்னும் இரண்டு வாரத்தில் வெயில் அதைத் தாண்டி நகர்ந்துவிடும். ஓடி வந்து மங்கையிடம் சொன்னேன். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "அப்படியா! நல்லதாப் போச்சு" என்றாள். என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தபடி சொன்னாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம். மத்தியானத்திலிருந்து ஒரே மேகமூட்டம், சாயங்காலம் இடி. இத்தனை நாள் காத்திருந்ததற்கு இன்றைக்கா மழை பெய்ய வேண்டும் என்று மாடியில் நின்று வானத்தைத் திட்டினேன். மங்கை கொடியில் கிடந்த துணியை மழையிலேயே விட்டுவிட்டாள். இடி கேட்ட பிறகாவது எடுத்திருக்கலாம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

எடுத்துவிட்டேன்.

மழைக்குப் பிறகு வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. தூசி இல்லை, மேகம் இல்லை. சாயங்காலம் வெயில் தொட்டியை விட்டு விலகி, மேற்கு ஓரத்திலிருந்து ஒவ்வொரு செங்கலாகத் தடவிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு முக்கோண நிழல். திண்டின் மேல் அப்படியே ஜாலியின் கோலம். பிச்சையா சொன்னபடியே துணியையெல்லாம் எடுத்து வைத்திருந்தார். திண்டில் ஒரு ஆள் இல்லை. சேலையையும் எடுத்துவிட்டதால் வெயில் நேராக உள்ளே இறங்கி எல்லோரையும் விரட்டிவிட்டது, பின்பக்கம் குழாயடிக்குப் போய்விட்டார்கள். எனக்கு வசதியாகப் போயிற்று. சுவர் சுத்தமாக, முழுசாக, மங்கை காகிதத்தில் வரைந்தது மாதிரியே நின்றது. என் வாழ்நாளில் இப்படி ஒரு வெளிச்சம் எனக்கு வாய்த்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எடுக்கும்போது கண் கலங்கிவிட்டது.

இசக்கியம்மாளைக் காணோமே என்று பிச்சையாவிடம் கேட்டேன். புருஷன் இறந்துபோய், போன வாரம் ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அவளிடம் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசியிருக்கலாம்.

ஏப்ரல் 21, திங்கள்

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

காலையில் படத்தைச் சரிசெய்து, லேப்டாப் திரை முழுக்க வைத்து, மங்கையைக் கூப்பிட்டேன். அவள் கதவைப் பிடித்து, சுவரைத் தொட்டு, மெல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தது. "பாத்துட்டே இரு, வந்துருதேன்" என்று போனேன். சிலிண்டரை எடை போட்டு வாங்கி, காலியைக் கொடுத்து அனுப்ப நேரமாகிவிட்டது.

திரும்பி வந்தபோது மங்கை திரைக்கு மிகப் பக்கத்தில் முகத்தை வைத்திருந்தாள். கை இரண்டையும் மடியில் கோத்திருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் பேச ஆரம்பித்தாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்குங்க. எவ்வளவு அழகா வெயில் விழுந்திருக்கு பாருங்க. ஒவ்வொரு செங்கலும் தனித்தனியாத் தெரியுது. நீங்க சொன்ன மாதிரியே இருக்கு. காத்திருந்தது வீண்போகல."

அவள் முகத்துக்கு நேரே திரை கறுப்பாக இருந்தது. நான் சார்ஜரைச் செருக மறந்திருந்தேன். லேப்டாப் அணைந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் அவள் முகமும், பின்னால் நான் நிற்பதும் தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன். சத்தமில்லாமல் மூடியை இறக்கினேன்.

அதற்குப் பிறகு நாள் முழுக்க அவளையே கவனித்தேன். தண்ணீர்ப் பானைக்குப் போகிறாள், கையால் விளிம்பைத் தடவித்தான் செம்பை வைக்கிறாள். நான் சத்தமில்லாமல் அவளுக்கு எதிரே போய் நின்றேன். அவள் பார்வை என்னைத் தாண்டி ஜன்னலுக்குப் போயிற்று. இத்தனை நாளும் வீம்பு, சிக்கனம், வயசு என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். வெளிச்சம் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று இருந்தவன் நான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். விரல் தானாக ஓடுகிறது. எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"எப்பத்துல இருந்து?" என்று கேட்டேன்.

எது என்று அவள் கேட்கவில்லை.

"பங்குனி பொறக்குறதுக்கு ரெண்டு நாள் முன்னால. டம்ளர் விழுந்துச்சே, அன்னைக்கு. எந்திரிக்கும்போதே செவப்பா ஒரு தெரை. நீங்க கூடத்துல இருந்து வாரதுக்குள்ள கறுத்துப் போச்சு. உள்ள நரம்பே பிஞ்சுட்டு, ஒண்ணும் செய்ய முடியாதுன்னு கோமு கூடப் போனப்ப சொல்லிட்டாங்க. நான்தான் அவள வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அங்க போறத நிறுத்தியிருப்பீங்க. நான் கட்டுன ஒண்ண நீங்க இப்படி நின்னு நின்னு பாத்ததே இந்த ரெண்டு மாசந்தான். காலைலயும் போறீங்க, சாயங்காலமும் போறீங்க, வந்து வந்து சொல்லுதீங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு. அத எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

மாசி மாதத்தில் நான் எடுத்து அழித்த படங்களை நினைத்தேன். சப்பை என்றும் சாம்பல் என்றும் அழித்தேனே, அதில் ஏதாவது ஒன்றை இவள் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்திருக்கலாம். அதிலெல்லாம் திண்டு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் ஒருவர் முகத்தையும் கவனித்துப் பார்க்கவில்லை.

"சரி, அந்தப் படத்துல என்ன இருக்கு, சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். வெயில் எங்கிருந்து வருகிறது, செங்கல் எப்படி எழுந்து நிற்கிறது, முக்கோண நிழல், திண்டின் மேல் விழுந்திருக்கும் கோலம், எல்லாம் சொன்னேன். எனக்கு அதெல்லாம் நன்றாகச் சொல்ல வரும். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கீரையை உருவினாள்.

"எத்தன பேரு உக்காந்திருக்காங்க?"

படத்தில் ஒருவர்கூட இல்லை. என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"பத்துப் பேருக்கு மேல இருக்கும். ஒரு அம்மா ஜாலில சாஞ்சு தூங்குது. பக்கத்துல ஒருத்தர் பேப்பர விரிச்சுப் படுத்திருக்காரு. ரெண்டு பொம்பளைங்க தூக்குச்சட்டியத் தொறந்து சாப்பிடுறாங்க. ஓட்டையில சோப்புப் பெட்டிகூட இருக்கு."

அவள் முகம் மலர்ந்தது. ஒவ்வொருவரையும் அப்படியே பார்க்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கீரை உருவுகிற கை நின்றது.

"வெயில் விழுந்திருக்குன்னு சொன்னீங்களே. வெயில் விழுந்தா அங்க ஒருத்தரும் உக்கார மாட்டாங்களேங்க."

சத்தம் வராமல் அழுதால் அவளுக்குத் தெரியாது என்று பார்த்தேன். முடியவில்லை.